சும்மா நிற்கும் வக்கீலம்மா

தையல்காரி சட்டைத் துணியை மிஷினில் ஓட்டிக்கொண்டிருக்க, வக்கீலம்மா எதிரே முக்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் பஞ்சுத் துகள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெகுநேரமாக இதே வேலை. வழக்கு எந்த இடத்தைப் பற்றியதோ அங்கே ஒரு மதியம் சும்மா உட்கார்ந்திருக்காமல் அவருக்கு வாதாட வராது.

“ஏதாவது கேளுங்கம்மா. நீங்க இப்படியே உக்காந்திருந்தா எனக்குத் தையல் கோணிப் போகுது,” என்கிறாள் தையல்காரி.

“நீங்க தைங்க. நான் சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கேன்.”

இந்த மாடி அறையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடக்காரர் வழக்குப் போட்டிருக்கிறார். அறை வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, தொழிலே நடக்கவில்லை என்பது அவர் கட்சி. தோற்றால் தையல்காரிக்கு மிஷின் போட இடமில்லை. தலை சாய்க்கவும் இடமில்லை.

வக்கீலம்மாவுக்கு வீட்டில் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர். சட்டப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவர். முதல் வழக்கில் எழுந்து நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நீதிபதி பொறுத்துப் பார்த்துவிட்டு, “உட்காரும்மா,” என்றார். வெளியே வந்ததும் கட்சிக்காரர் கத்தினார்: “சும்மா நிக்கறதுக்கு வக்கீல் எதுக்கு? அதை நானே நின்னிருப்பேனே!” அக்கா அதைவிட மோசம். “அந்தக் கறுப்புக் கோட்டை வித்துடுடி. ஒரு குடையாவது வாங்கலாம்.”

விற்கவில்லை. மடித்து வைத்துவிட்டு, அதே நீதிமன்றத்தில் சாட்சியம் தட்டச்சு செய்யப் போனார். யார் யாருடைய குரலோ விரல் வழியாக ஓடியது, தூக்கத்திலும் ஓடியது. கேள்விக்கு மனிதர்கள் தயார் செய்துவந்த பதிலைச் சொல்கிறார்கள். பிறகு யாரும் வாய் திறக்காவிட்டால், அந்த வெறுமை தாங்காமல் இன்னொன்றையும் சொல்கிறார்கள். அந்த இன்னொன்றைத் தட்டும்போதெல்லாம் அவருக்குத் தூக்கம் கலைந்தது. ஒருநாள் கோட்டைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார்.

இன்று அவர் அலுவலக வாசலில் பெஞ்சு போதாமல் ஆட்கள் படியில் உட்காருகிறார்கள். அக்கா மட்டும் மாறவில்லை: “வாயை மூடிட்டே பொழைக்கிற வக்கீலு உலகத்துலயே இவ ஒருத்திதான்.”

தையல்காரி வழக்கில், கட்டடக்காரர் தரப்பில் அவருடைய மேலாளர் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

“மத்தியானத்துல அந்த அறை எப்படி இருக்கும்?”

“பூட்டியேதான் இருக்கும்மா.”

வக்கீலம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தபடி, எங்கோ கடற்கரையில் நிற்பவர்போல நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை உருட்டினார். மேலாளர் தொண்டையைக் கனைத்தார். கால் மாற்றி நின்றார்.

“சத்தியமாம்மா,” என்றார் தானாகவே. “நான் எங்க மாடி ஏறிப் பாக்கறது? சாப்பிட்டுக் கீழ கொஞ்சம் சாயலாம்னா, அந்த மிஷின் சத்தம் எங்க கண்ணை மூட விடுது?”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேலாளர் அப்போதுதான் தன் வாயைக் கையால் பொத்தினார்.

தீர்ப்பு நாளில் தையல்காரி அறைச் சாவியையும் எடுத்துவந்திருந்தாள். நீதிபதி வாசித்தது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. எல்லாரும் எழுந்ததும் சாவியை மேஜைமேல் வைத்து, “இதை யார்கிட்டம்மா குடுக்கணும்?” என்றாள்.

வக்கீலம்மா சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.