இளக்கல் என்றார் டாக்டர் பூங்கோதை

நேற்றுக் காலை எழுந்ததும் முதல் வேலையாக, மேசையில் கிடந்த அச்சுப்படியில் ‘இரத்தக்கட்டி கரைப்புச் சிகிச்சை’ என்ற தலைப்புக்குக் கீழே ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். பக்கவாதத்துடன் கொண்டுவரப்படுபவர்களின் வீட்டாருக்காக டாக்டர் பூங்கோதையும் நானும் சேர்ந்து எழுதிய சிறு கையேடு அது. மாலைக்குள் அச்சகத்துக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த வரிக்குப் போவதற்குள் அவருடைய தம்பி கைபேசியில் அழைத்தார்.

“அக்கா போயிட்டாங்க, டீச்சர்.”

சிறுநீரகம் கெட்டு அவர் பல மாதங்களாகப் படுத்திருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் கையிலிருந்த பேனாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

இண்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், தருமபுரியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றினார். நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கையேட்டுக்கு உதவி தேடி எங்கள் துறைக்கு வந்த அன்று அவர் சொன்னது: “தமிழ் தெரிஞ்ச ஆளு வேணும், டீச்சர். ரொம்பத் தெரிஞ்ச ஆளு வேண்டாம்.”

மருத்துவர்கள் ‘த்ராம்போலிசிஸ்’ என்பார்கள். அவசரத்தில் அதுவும் சுருங்கி, ‘லைஸ் பண்ணிடலாம்’ ஆகிவிடும். இரத்தக் குழாயை அடைத்திருக்கும் உறைவை மருந்தால் போக்குவது என்று பொருள். நான் அகராதி பார்த்துக் ‘கரைப்பு’ என்று எழுதினேன். அவர் அதை அடித்தார். ஏன் என்று கேட்டதற்கு ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி கொண்டுவந்த ஒருவருக்கு, மூட்டைகளுக்கு நடுவில் வாய் கோணிக் கை விழுந்துவிட்டது. உடனே தூக்கி வந்துவிட்டார்கள். பயிற்சி மருத்துவர் அவருடைய மகனிடம், “கரைக்கணும், கையெழுத்துப் போடுங்க” என்றிருக்கிறார். மகன் கத்தினாராம்: “எங்கப்பாரு இன்னும் மூச்சு வுட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அதுக்குள்ள கரைக்கறதப் பத்திப் பேசறீங்களே!”

தாமதித்தால் மருந்தே போட முடியாது. டாக்டர், விழுந்தவருடைய மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“வெல்லம் இறுகிப்போனா அடுப்புல வெச்சு இளக்குவீங்கல்ல, அக்கா? ரத்தம் அப்படி இறுகி, மூளைக்குப் போற குழாய அடச்சிருக்குது. ஊசி போட்டு இளக்கறோம். ஆனா, இளக்குனா வேற எடத்துல கசிஞ்சாலும் கசியும். தலைக்குள்ள கசிஞ்சா உசுருக்கே ஆபத்து. அதையும் சொல்லிப்புடறேன்.”

அந்த அம்மாள் மகனைப் பார்க்கவில்லை. “இளக்கி வுடுங்கம்மா” என்றார்.

அந்த மனிதர் பிழைத்தார். பிறகு அடிக்கடி அதே கையால் ஒரு கூடைத் தக்காளியைத் தூக்கி வந்து வைப்பாராம். “வெல கொறஞ்ச நாளாப் பாத்துத்தான் வருவாரு” என்று சொல்லிச் சிரிப்பார் டாக்டர்.

எனக்கு ஒப்பவில்லை. லேகியத்துக்கு இளகம் என்று பெயர், இளக்கல் என்றால் அதுதான் நினைவுக்கு வருகிறது என்றேன்.

“வரட்டுமே. லேகியத்துக்குப் பயந்து யாரும் ஓடறதில்ல. கிரேக்கத்துல லைசிஸ்னாலே அவுத்து வுடறது, தளத்தறதுதான், டீச்சர். உங்க அகராதிக்காரரு அதக் கேட்டாரா?”

மாதக்கணக்கில் இப்படி மல்லுக்கட்டினோம். படுக்கையில் விழுந்த பிறகும் அவர் விடவில்லை. கடைசியாக நான் பார்க்கப் போனபோது குரல் தேய்ந்திருந்தது. “தமிழ் உங்க துறை. நீங்க போடறதப் போடுங்க. ஆனா ஒரு தடவ, எங்க வார்டுக்கு வெளிய கெடக்கற பெஞ்சுல உக்காந்து படிச்சுப் பாருங்க” என்றார். பார்க்கிறேன் என்றேன். பெஞ்சுக்குப் போகவில்லை, வகுப்பும் தேர்வுத்தாளும் இருந்தன. சொல்லையும் மாற்றவில்லை.

நேற்று மாலை இண்டூரில் எல்லாம் முடிந்தது. வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தம்பி வந்து பக்கத்தில் நின்றார்.

“நாளைக்குக் காலைல ஒகேனக்கல்ல கரைக்கறோம், டீச்சர். நீங்களும் வந்தா அக்காவுக்கு நல்லாருக்கும்.”

வகுப்பில் எத்தனையோ முறை நான் பகுபதம் பிரித்துக் காட்டிய வினை அது. நேற்றுத்தான் அது என் காதில் விழுந்தது. அந்த மகன் ஏன் கத்தினார் என்று அந்த நாற்காலியில் எனக்குப் புரிந்தது.

இன்று காலை ஈர மணலில் நின்று, அவர் சாம்பல் காவிரியில் நிறம் மாறிப் போவதைப் பார்த்தேன். போய் வாருங்கள், டாக்டர். கரைத்தல் என்ற சொல்லை அந்தத் தண்ணீருக்கே விட்டுவிட்டேன்.

அச்சகத்தாரிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். ஏனென்று அவருக்கும் சொல்லவில்லை, வேறு யாருக்கும் சொல்லவில்லை. ‘கரைப்பு’ வரும் இடத்திலெல்லாம் ‘இளக்கல்’ என்று போடப்போகிறேன்.