ஐம்பத்திரண்டாவது வாரம்

உலகத் தரவரிசை என்பது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மாதிரி, ஒருமுறை வாங்கிவிட்டால் சாகும்வரை நம்முடையது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நான் பேட்மிண்டன் ஆடுகிறவள், ஒற்றையர் பிரிவு. ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். அப்பா தக்காளி போடுகிறார். அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறான். நான் பெங்களூரில் தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் நடந்த ஒரு சின்னப் போட்டியில் எப்படியோ அரையிறுதி வரை போனேன். அந்த ஒரு வாரத்தின் புள்ளிகள்தான் என்னைப் பட்டியலில் தூக்கி நிறுத்தின.

ஆனால் புள்ளிக்கு ஆயுசு ஐம்பத்திரண்டு வாரம். வாரா வாரம் பட்டியலைப் புதுப்பிக்கிறார்கள். கடைசி ஐம்பத்திரண்டு வாரத்தில் ஆடியதில் சிறந்த பத்துப் போட்டிகளைக் கூட்டுவார்கள், அதற்கு முந்தையது கழன்றுவிடும். வருடத்துக்கு இருபது போட்டி ஆடுகிறவர்களுக்கு ஒன்று கழன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். நான் ஆடியதே ஆறு. அதில் நாலில் முதல் சுற்றோடு மூட்டை கட்டியவள். அதனால் அடுத்த வருடம் அதே போட்டிக்குப் போய், மறுபடி ஜெயித்தால்தான் இருந்த இடத்திலாவது இருக்கலாம். இறங்கிவிட்டால் அடுத்து எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாலும் மேலே இருக்கிறவர்களைத்தான் எடுப்பார்கள். நாம் காத்திருப்போர் பட்டியலில் தொங்க வேண்டியதுதான்.

இதை அப்பாவுக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன்.

“போன வருஷ வெலையச் சொல்லி இந்த வருஷம் தக்காளி விக்க முடியுமாப்பா?”

“அதெப்படி முடியும்?”

“இதுவும் அதேதான்.”

நன்றாகத்தான் தலையாட்டினார்.

அந்தப் போட்டிக்கான விமானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பாஸ்போர்ட்டை எடுக்க ஊருக்கு வந்தேன். வந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். “சாப்புட்டுட்டு சாயங்கால வண்டிக்குப் போலாம் இரு பாப்பா” என்றார் அம்மா. கறிக்குழம்புக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். பூசாரி கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்கள் பண்டிகை முடிகிற எட்டு நாளும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும். அன்றைக்குக் காப்பு என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

“எனக்கு மூணு நாள்ல ஃப்ளைட்டுப்பா” என்று கத்தினேன்.

“அதுக்கு என்ன பண்றது? அடுத்த தடவ போயிக்கலாம். உன் நம்பரு எங்க ஓடிடப் போவுது? அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்களே.”

தலையாட்டிய அதே மனுஷன். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மா தன் பங்குக்கு, ஊரில் யாருக்காவது அம்மை போட்டால் உன்னால்தான் என்பார்கள் என்று அழ ஆரம்பித்தார். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான் அந்த நினைப்பு.

அண்ணனுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். ஆறு மணிக்கு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினான். காப்புக் கட்டியிருக்கிறதே என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினான். வேலைக்குப் போகிறவர்கள் பூசாரியிடம் சொல்லி, அம்மன் காலடியில் வைத்த பழத்தை வாங்கிக்கொண்டு போகலாமாம். ஓசூருக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் போகிறார்களாம். வருஷா வருஷம் நடக்கிற விஷயம்.

நேராக அப்பாவிடம் போனேன். “எனக்கும் ஒரு பழம் வாங்கிக் குடு.”

அப்பா கோபப்படவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னார். “அவன் வேலைக்குப் போறான் பாப்பா. நீ வெளையாடத்தான போற?”

விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓடியதும், முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு தூங்கியதும் இவர்களுக்கு விளையாட்டு. பூசாரியிடம் நானே போய்க் கேட்டேன். “அப்பாவ வரச் சொல்லு” என்றார். கிணற்றில் போட்ட கல்தான். அம்மன் என்னைத் தடுத்ததாக நான் இன்றுவரை நம்பவில்லை. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

அந்தப் பழம் இல்லாமலே கிளம்பிப் போயிருக்கலாம்தான். பயிற்சியாளர் போனில் அதைத்தான் கேட்டார்: “உன் காலை யார் கட்டிப் போட்டது?” யாரும் கட்டவில்லை. அம்மா அழுதார், நான் உட்கார்ந்துவிட்டேன். என் கோபத்தில் பாதி என் மேல்தான்.

அந்தப் போட்டி முடிந்த அடுத்த வாரம் புதுப் பட்டியல் வந்தது. நூறு இடத்துக்குமேல் இறங்கியிருந்தேன். வாரத்தைக் கணக்குப் பண்ணும் அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அதற்கு ஆண் பெண் தெரியாது, எல்லோருக்கும் ஐம்பத்திரண்டுதான். பிறகு நான்கு போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தேன். நான்கிலும் காத்திருப்போர் பட்டியல். ஆடாததால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாததால் ஆட இடமில்லை. மிச்சமிருந்த சில்லறைப் புள்ளிகளும் ஒவ்வொரு வாரமாகக் கழன்றன. கடைசியில் என் பெயரே பட்டியலில் இல்லை.

இந்த வருடம் பண்டிகைக்கு முன்னால் அப்பா போன் பண்ணினார். கல்யாண வீடுகளில் இன்னமும் என் பழைய நம்பரைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்.

“செவ்வாக்கெழம காப்பு பாப்பா. அந்த வாரம் உனக்கு மேட்ச் கீட்ச் எதுவும் இல்லியே? மொதல்லியே கேட்டுக்கலாம்னுதான்.”

“இல்லப்பா. எந்த வாரமும் இல்ல.”

“நல்லதாப் போச்சு” என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. “அப்ப ரெண்டு நாள் சேத்தியே இருந்துட்டுப் போ.”