அந்த ஒன்ஸ் மோர் யாருடையது

என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாக் காலத்துக்கும் சிறந்த மேடைப் பதிவு எது என்று ஆளுக்கொன்று சொல்லவேண்டும். ஸ்டூடியோவில் பாடியது செல்லாது. கூட்டத்துக்கு முன்னால் பாடி, கைத்தட்டலோடு பதிவானதாக இருக்கவேண்டும். ஒருவன் லண்டன் என்கிறான், ஒருத்தி தோக்கியோ என்கிறாள். என் முறை வரும்போது நான் தட்டைக் கழுவ எழுந்துவிடுவேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட மேடைப் பதிவு குவாலா சிலாங்கூர் திடலில் பதிவானது. அதை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. குவாலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம் இரண்டு ஸ்பீக்கர் வைத்த ரேடியோ கேசட் பெட்டி. தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடகர் இசைக்குழுவோடு வந்து திடலில் கச்சேரி செய்தபோது, அப்பா புது பேட்டரிகளைப் போட்டு அந்தப் பெட்டியைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போனார். மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிவு செய்தார். பக்கத்தில் அம்மா. அம்மாவுக்கு அந்தப் பக்கம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. சபாக்கில் தென்னந்தோட்டத்தில் வேலை செய்தவர், கச்சேரிக்கென்றே பஸ் ஏறி வந்திருந்தார். நானும் போயிருந்தேனாம். முதல் பாட்டிலேயே அம்மா மடியில் தூங்கிவிட்டேனாம். தூங்கியவளுக்குத் தண்டனையாகத்தான் மீதி வருடங்கள் முழுக்க அதைக் கேட்க வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

பதிவு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பாடகரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். கச்சான் கடலை விற்பவரின் குரல் மட்டும் காதுக்குப் பக்கத்தில் தெளிவாக வரும். யாரோ கொசு அடிப்பார்கள், அதுவும் தாளத்தில் அடிக்கமாட்டார்கள். ஒரு குழந்தை ஒரு முழுப் பாட்டுக்கும் அழும். அது நான் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அக்கா நம்பமாட்டாள். ஆனால் அப்பாவுக்கு இதற்கு முன்னால் ஸ்டூடியோ கேசட்டெல்லாம் தூசு. டின் சார்டினுக்கும் ஆற்றில் பிடித்த மீனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் அதைக் கேட்பார்கள் என்பார்.

விஷயம் முதல் பக்கத்தின் கடைசியில் இருந்தது. பாடகர் ஒரு சோகப் பாட்டைப் பாடி முடிப்பார். கைத்தட்டல் ஓயும். அந்த அமைதியில் ஓர் ஆண் குரல் உரக்க, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தும். கூட்டம் சிரிக்கும். பாடகரும் சிரித்துவிட்டு, "அண்ணன் கேட்டுட்டாரு. இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்பார். சொல்லிவிட்டு முழுப் பாட்டையும் மறுபடி பாடுவார்.

அந்தக் குரல் தன்னுடையது என்றார் அப்பா. இல்லை, தன்னுடையது என்றார் மாமா.

முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு தீபாவளிக்குத் தீபாவளி சண்டையானது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவார். கேட்டுவிட்டு அவர்கள் "உங்க குரல்தாங்க" என்று சொல்லும்வரை சுற்றிச் சுற்றிப் போடுவார். தண்ணி குடிக்க வந்த தபால்காரரைக்கூட விடவில்லை. மாமா ஒரு பிரதி கேட்டதற்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொடுத்தால் சபாக் முழுக்கப் போட்டுக் காட்டித் தன் குரல் என்று நாட்டிவிடுவார் என்று பயம். அந்த வருடம் மாமா எங்கள் வீட்டுப் படி ஏறுவதையே நிறுத்திவிட்டார். இரண்டு பேருக்கும் மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இவ்வளவு சத்தம் போடுகிற அப்பா வெளியே எப்படி இருப்பார் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது. எங்கள் அடுப்படிக் கூரையில் தகரம் ஓட்டை விழுந்து, மழை பெய்தால் தண்ணீர் கொட்டியது. கீழே ஒரு பேசின் வைத்திருந்தோம். அது நிறைந்தால் கொட்டிவிட்டு மறுபடி வைப்பது என் வேலை. அக்காவுக்கு நிச்சயம் பேசியிருந்ததால் அதற்குள் தகரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று அப்பா தோட்ட ஆபீசுக்குப் போனார், கூடவே நானும் போனேன். கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி தலையை நிமிர்த்தாமல், "பாப்போம்" என்றார். அப்பா "சரிங்கய்யா" என்று தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். எதற்கு அவசரம் என்றுகூடச் சொல்லவில்லை, நிச்சயம் என்ற வார்த்தையே வாயிலிருந்து வரவில்லை. வெளியே வந்ததும் இன்னொரு தடவை கேளுங்கப்பா என்று நான் நச்சரித்தேன்.

"ஒரு தடவ கேட்டாச்சு லா" என்றார் அப்பா. "அதுக்கு மேல கேக்கக்கூடாது."

நிச்சய நாள் வந்தது. மாப்பிள்ளை கலும்பாங்கில் லோரி ஓட்டுபவர், நல்லவர், அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. எல்லாம் சரி, தாய்மாமன் வரவேண்டுமே. எங்களில் பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன் தொட்டுக் கொடுக்காமல் நிச்சயம் கிடையாது. வேறு யார் கொடுத்தாலும் மாப்பிள்ளை வீட்டார் வாங்கமாட்டார்கள். அம்மா ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். மாமா வந்தார். வந்தவர் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, அந்தக் குரல் யாருடையது என்று இன்றைக்கு ஒரு முடிவு தெரியாமல் தட்டைத் தொடமாட்டேன் என்றார். அக்கா உள்ளே புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். பூசிய பவுடரின் மேலே கண்ணீர் கோடு போட ஆரம்பித்தது. நான் மாமாவை முறைத்த முறைப்பு எனக்கே நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் அறிவுள்ள ஒரு குடும்பம் என்ன செய்திருக்கும்? யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்திருப்பார். எங்கள் வீட்டில், பொதுவான ஆள் ஒருவரைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வோம் என்றார்கள். பொதுவான ஆளாக அவர்கள் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளையின் அப்பாவை. இரண்டு பக்கமும் உறவு இல்லாதவர் அவர் ஒருவர்தானாம். இன்னும் அரைமணி நேரத்தில் உறவாகப் போகிறவர் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவரும் மறுக்கவில்லை. மகனின் நிச்சயத்துக்கு வந்த இடத்தில் நீதிபதி பதவி கிடைத்தால் யார்தான் விடுவார்கள். பெட்டியைத் தன் முன்னால் வைக்கச் சொன்னார். அந்த இடத்தைக் கண்ணை மூடிக் கேட்டார், பின்னால் ஓட்டிக் கேட்டார், மறுபடியும் ஓட்டிக் கேட்டார். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், இரண்டு பேரும் தனித்தனியாகக் கத்திக் காட்டுங்கள் என்றார். அப்பா பட்டு வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார். மாமா அதைவிட உரக்கக் கத்தினார். தாம்பூலத் தட்டுக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். லயத்துச் சனமெல்லாம் அடிதடி என்று நினைத்து வாசலில் கூடிவிட்டது. ஒருவர் கையில் கம்பு வைத்திருந்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா இன்னும் ஒரு தடவை கேட்டால் சொல்லிவிடலாம் என்று பொத்தானை அழுத்தினார். பெட்டி கரகரவென்று உறுமியது. பாடகரின் குரல் கொழகொழத்து அடங்கியது. மூடியைத் திறந்தால் நாடா உள்ளே சக்கரத்தில் சுற்றிச் சிக்கிக்கொண்டிருந்தது. அவர் பதறிப்போய் கேசட்டைப் பிடித்து இழுத்தார், நாடா அறுந்து கையோடு வந்தது.

அடுப்படியில் காலையில் பெய்த மழையின் மிச்சத் தண்ணீர் பேசினில் சொட்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா முகம் வெளுத்து, நல்ல காரியத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று மெல்ல எழுந்தார். அவரோடு வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் செருப்பைத் தேடிப் போட்டால் அக்காவின் கதை முடிந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். பெட்டி மேல் ஒரு விரல்ரேகை பட்டாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர்.

"உக்காருங்க சம்பந்தி" என்றார் அப்பா. "கேசட்டுதானே லா."

தட்டு மாறுவதற்கு முன்னாலேயே அவரைச் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார். அவரும் உட்கார்ந்துவிட்டார். மாமா என்னிடம் கத்தரிக்கோலும் செலோடேப்பும் கொண்டுவரச் சொல்லி, அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினார். புது வேட்டி கட்டிய இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு இடிக்கக் குனிந்து, கேசட்டின் திருகுகளைக் கழற்றி, நசுங்கிப்போன துண்டை வெட்டி எறிந்துவிட்டு, முனைகளை ஒட்டினார்கள். "புடி மச்சான், ஆட்டாத" என்று மாமா சொல்ல, அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெற்றிலையும் தேங்காயும் அத்தனை பெரிய மனிதர்களும் காத்திருந்தார்கள். ஒரு நிச்சயத்தை ஒரு கேசட்டுக்காக இப்படிக் காக்க வைத்த வீடு வேறெங்கும் இருக்காது.

போட்டுப் பார்த்தார்கள். பாட்டு முடிந்தது, கைத்தட்டல் வந்தது, ஓய்ந்தது. உடனே பாடகர், "அண்ணன் கேட்டுட்டாரு. இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றார். வெட்டி எறிந்த துண்டோடு அந்தக் குரல் போயிருந்தது.

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்போதுதான் அடிதடி என்று நான் நினைத்தேன். மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோய்த் தட்டைத் தூக்கினார். அக்காவின் நிச்சயம் முடிந்தது.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் கேட்டேன். நீங்கள்தானே நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள், உண்மையில் கத்தியது யார் என்று.

"ரெண்டு பேருந்தான்" என்றாள் அம்மா. "ஒரே நேரத்துல கத்துனாங்க. ரெண்டு காதும் அடச்சிப் போச்சு எனக்கு."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று நான் குதித்தேன்.

"என்னைய யாரு கேட்டா?" என்று அம்மா அடுத்த தட்டை எடுத்தாள்.

இதுதான் எங்கள் குடும்பம். சரி, குரலே போய்விட்டது, இனிமேல் நிம்மதி என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே அப்பா டவுனுக்குப் போய் ஒரு பிரதி எடுத்து மாமாவுக்குக் கொடுத்து அனுப்பினார். இனிமேல் அதில் பொத்திவைக்க என்ன இருக்கிறது. ஆனால் பாட்டுப் போடுவதை அவர் நிறுத்தவில்லை. சபாக்கில் மாமாவும் தினம் போடுவதாக அத்தை புலம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. தகரத்தை யாரும் வந்து மாற்றவில்லை, அப்பாவும் மறுபடி போய்க் கேட்கவில்லை. நான் பேசினுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். அப்பா கூடத்தில் சுவரில் சாய்ந்து கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். சோகப் பாட்டு முடிந்தது. கைத்தட்டல் ஓயும் இடத்தில் அப்பா, உரக்கக்கூட இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல, "ஒன்ஸ் மோர்" என்றார்.

"அண்ணன் கேட்டுட்டாரு. இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றார் பாடகர். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் நாடாவைப் பின்னால் ஓட்டி, மறுபடியும் அதே இடத்தில் ஒன்ஸ் மோர் கேட்டார். மறுபடியும் பாடகர் பாடினார். என்னால் பொறுக்க முடியவில்லை. நான் எழுந்து கூடத்துக்கே போய்விட்டேன்.

"அப்பா, அது கேசட். நீங்க கேக்காட்டியும் அது பாடும்."

"தெரியும்மா" என்றார் அப்பா, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல். "கேட்டா பாடுதுல்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிவது இந்த மனிதருக்கு ஏன் மண்டையில் ஏறவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பினேன். பேசின் நிறைந்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு, ஒழுகும் இடத்துக்குக் கீழே மறுபடி வைத்தேன்.