விசில் பை

என் அக்கா வீட்டுக்காரர் போலீஸ்காரர். போலீஸ்காரர் என்றதும் முறுக்கு மீசையும் அதட்டலும் பிரம்புமாக ஓர் உருவம் மனசில் வந்து நிற்குமே, அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அத்தான் வீட்டுப் பூனையை விரட்டுவதற்குக்கூட “கொஞ்சம் நகந்துக்கோ” என்பார். அது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காக்கிச் சட்டையைக் கண்டால் தெருவே ஒதுங்கி நிற்கும். அந்தச் சட்டைக்குள் இப்படி ஒரு சாது உட்கார்ந்திருப்பது அக்காவுக்கும், சட்டையைத் தைத்த எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் தையல்காரன். சந்தைத் தெருவில் கடை. போலீஸ் உடுப்புத் தைக்கும் காண்ட்ராக்ட் வெகு காலம் என்னிடம் இருந்தது. கான்ஸ்டபிள் சட்டையில் இடது மார்புப் பைக்கு உள்ளே ஒடுக்கமாக இன்னொரு பை உண்டு. விசில் அதில்தான் குடியிருக்கும். அத்தானுக்கு அந்தப் பை உடம்பில் ஓர் உறுப்பு மாதிரி. ஓய்வு நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கை தானாக மார்புக்குப் போய், அங்கே பையைக் காணாமல் தடவிக்கொண்டே இருக்கும். கொசு கடித்தவன்கூட அப்படித் தடவ மாட்டான். பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, வீட்டுச் சட்டைகளிலும் அதே பையை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து கைக்கு நிம்மதி. டியூட்டி முடிந்து உடுப்பு மாற்றும்போது இந்தப் பையிலிருந்து விசிலை எடுப்பார், அந்தப் பையில் வைப்பார். பேசிக்கொண்டே செய்வார். கேட்டால் செய்ததே ஞாபகம் இருக்காது.

லீவு விஷயத்தில் சர்க்கார் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். லீவு உரிமை அல்ல, சலுகை. விதியின் முதல் வரியே அதுதான் என்று அத்தான் பயபக்தியோடு சொல்வார். ஆனால் அந்தச் சலுகை துரைமார்களைக் கண்டால் மட்டும் வாலாட்டிக்கொண்டு ஓடும். அவர்கள் சொந்த ஊருக்குப் போனால் கப்பலில் போகிற நாளும் வருகிற நாளும் லீவில் சேராதாம். கடல் காற்று வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பதும் உத்தியோகம் போலிருக்கிறது. கான்ஸ்டபிள் லீவு கேட்டாலோ, செத்தது யார் என்று திருப்பிக் கேட்பார்கள். அதனால் அத்தான் கேட்பதே இல்லை. கல்யாணம் ஆகி வெகு வருடம் கழித்து, அக்காவுக்காகத்தான் முதல் முறையாக வாய் திறந்தார்.

அக்கா என் கடைக்குப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள். அவள் எடுத்த காஜாவில் ஒரு நூல் பிசிறு பார்க்க முடியாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கீழே வைத்துவிட்டு அழுதாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பெரிய கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால் தெரியும், வந்து சேருங்கள் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். அத்தான் லீவு கேட்டு எழுதிப் போட்டார். எங்கள் ஜில்லா போலீஸ் துரையே சொந்த ஊருக்கு லீவில் போகிற மும்முரத்தில் இருந்ததாலோ என்னவோ, கிடைத்துவிட்டது.

லீவில் போகிறவன் தொப்பி, பெல்ட், தடி, விசில் எல்லாவற்றையும் சாமான் அறையில் ஒப்படைக்க வேண்டும். சாமான் அறை ஏட்டு சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஏட்டு இருக்கிறாரே, சிடுமூஞ்சி. ஸ்டேஷனில் அவரைத் திட்டாத வாய் கிடையாது. என் வாயும்தான். ஒரு பொத்தான் லேசாக ஆடுகிறது என்று ஒரு மூட்டை சட்டையையும் திருப்பி அனுப்புவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவரிடம் சலுகை கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

அத்தான் போன சமயம் அங்கே வண்டியிலிருந்து பூட்ஸ் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வைத்துவிட்டுப் போ, அப்புறம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஏட்டு மூட்டைகளின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே சொன்னாராம். அத்தான் உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தார். வீட்டுச் சட்டையை மாட்டினார். கை வழக்கம்போலத் தன் வேலையைப் பார்த்தது. விசில் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போனது. அவருக்கே தெரியாது.

அன்று மத்தியானம் இரண்டு பேரும் பஸ் ஏறச் சந்தைத் தெருவில் இறங்கி வந்தார்கள். அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்றாளாம். கடைப் படியில் அவளை நிறுத்தியிருப்பார், அப்போது மேட்டிலிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் இறங்கியது. எனக்கு முதலில் கேட்டது விசில்தான். அந்த விசிலைக் கேட்டால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் கால் தானாக ஓரத்துக்குப் போகும். போயின. குழாயடியில் குடத்தோடு நின்ற இரண்டு பெண்கள் மட்டும் திகைத்து நின்றுவிட்டார்கள். அத்தான் ஓடிப் போய் அவர்களைத் தள்ளிவிட்டார். குடம் நசுங்கியது. அதோடு அவருடைய வலது முழங்காலும்.

உயிர் பிழைத்தார். அதற்கே நாங்கள் எல்லாச் சாமியையும் கும்பிட்டோம். ஆனால் முழங்கால் அதன் பிறகு மடங்கவே இல்லை. இனி போலீஸ் வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முழுப் பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் பாக்கி.

நான் ஆபீஸுக்குப் போய் ஹெட் கிளார்க்கைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார். டியூட்டியில் அடிபட்டிருந்தால் சர்வீஸ் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள், ஆயுள் முழுக்கப் பென்ஷன் உண்டு என்றார். லீவில் இருந்தவன் ரோட்டில் அடிபட்டால் அது அவன் சொந்த அடி, ஏதோ கொஞ்சம் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றார். அவர் ரெண்டு பேரைக் காப்பாற்றினாரே என்றேன். நல்ல காரியம்தான், ஆனால் லீவில் செய்துவிட்டாரே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குத் தைக்க வேண்டிய கோட்டை ஒரு மாதம் தொடவே இல்லை.

கண் தெரியாத அக்கா, கால் மடங்காத அத்தான். வாடகை வீடு. போலீஸ் வேலை போனால் அடுத்து எங்கே போவது? ஆபரேஷன் பேச்சையே அக்கா எடுப்பதில்லை.

இந்த லட்சணத்தில்தான் விசில் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி மூட்டையை அக்கா பிரித்து, கிழிந்த வெள்ளைச் சட்டையைத் தடவிப் பார்த்தபோது விரலில் தட்டுப்பட்டது. தெருவில் கேட்டது பாராக்காரர் ஊதிய விசில் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் நினைத்திருந்தேன். யார் ஊதியது என்று அத்தானுக்கே நினைவில்லை. லீவில் சர்க்கார் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோவது பெரிய குற்றம். வேலையை விட்டு நீக்கினால், கிடைக்கிற கொஞ்சமும் போய்விடும். கிணற்றில் போட்டுவிடலாம் என்றேன் நான். ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள், மற்றதை அந்தச் சிடுமூஞ்சி பார்த்துக்கொள்வான் என்றேன். அக்காவும் தலையாட்டினாள்.

அத்தான் விசிலை வாங்கித் துண்டால் துடைத்தார். “அது என்னுது இல்லையே, மாப்ளே. கிணத்துல போட எனக்கு ஏது பாத்தியதை” என்றார். இந்த மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் செய்கிறாயோ என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அடிபட்டதைப் பற்றி நடந்த விசாரணைக்கு அவரை நாற்காலியோடு தூக்கிப் போனோம். துரை சொந்த ஊரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் முகத்தில் தெரிந்தன. எங்கள் பாஷை அவருக்குப் புரியும், பேசத்தான் தயக்கம். ஹெட் கிளார்க் ஒவ்வொன்றாகக் கேட்டார். சாமான் அறை ஏட்டு கதவோரம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். லீவில் போகும்போது சர்க்கார் சாமான் எல்லாவற்றையும் ஒப்படைத்தாயா என்று ஹெட் கிளார்க் கேட்டார். சும்மா கேட்கிற கேள்விதான். ஆமாம் என்ற பதிலை எழுதப் பேனாவே தயாராக இருந்தது. நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று அத்தான் தோளை அழுத்தினேன்.

“இல்லைங்க” என்றார் அத்தான். பையிலிருந்து விசிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இது என்கிட்டயே இருந்துருச்சு. தப்புதான்.”

தோளை அழுத்திய கையை எடுத்துவிட்டேன். இது தனிக் குற்றம், தனியாக எழுத வேண்டும் என்று ஹெட் கிளார்க் முனகினார். துரை விசிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஏட்டைத் திரும்பிப் பார்த்தார்.

ஏட்டு ஓர் அடி முன்னால் வந்தார். “நான் இன்னும் கையெழுத்துப் போடலைங்க.”

ஏன் என்று கேட்டார் ஹெட் கிளார்க்.

“விசில் வரலையே. விசில் வராம நான் எப்படிங்க போடுவேன்? கையெழுத்து விழுந்தாத்தான் லீவு தொடங்கும். இவனுக்கு லீவு தொடங்கவே இல்லை. அன்னிக்கு இவன் டியூட்டியிலதான் இருந்தான்.”

ஹெட் கிளார்க் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், அந்த வரி அங்கே இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று துரை தட்டுத்தடுமாறி எங்கள் பாஷையிலேயே கேட்டார். தொலைத்தது இவனா, நானா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்றார் ஏட்டு. துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

விசிலை அத்தானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே இரண்டு உத்தரவு எழுதினார். விசிலை ஒப்படைக்காத அஜாக்கிரதைக்காக அத்தானுக்கு ஒரு கண்டிப்பு. டியூட்டியில் ஊனமானதற்காக ஆயுள் முழுக்கப் பென்ஷன். ஒரே பேனா, ஒரே மை. திட்டு வாங்கிக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டவரை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்தத் துரையைப் பற்றிக் கப்பல், கடல் காற்று என்று நான் பேசியதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று அவர் மனம் வைத்தார், அதை மறக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் ஏட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் உளறினேன். அவர் கையை உருவிக்கொண்டு அத்தானிடம் சொன்னார்: “குடுத்துட்டேன்னு நீ சொல்லியிருந்தா, நான்தான் தொலைச்சேன்னு ஒத்துக்கிட்டு, நீ லீவுல போன தேதியையே போட்டு அங்கயே கையெழுத்துப் போட்டிருப்பேன்யா. உன் பேச்சை நான் எப்பவும் நம்புவேன்.”

கிணற்றை நினைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

ஏட்டு ரிட்டையர் ஆகும்வரை, ஆன பிறகும்கூட, அவருக்கு நான்தான் சட்டை தைத்தேன். கூலி வேண்டாம் என்றால் சட்டையே வேண்டாம் என்பார். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பொத்தானையும் இழுத்துப் பார்ப்பார். அவரை இனி யாராவது சிடுமூஞ்சி என்றால் நான் சண்டைக்குப் போவேன். நான் மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

வேலையிலிருந்து விடுவிக்கும் நாளில் எல்லாச் சாமானையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, அதற்கு மறுபடி அத்தானைச் சாமான் அறைக்குக் கூட்டிப் போனேன். அன்று வைத்துவிட்டுப் போனதையெல்லாம் ஏட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசியாக விசிலை வாங்கி, ஒரு முறை காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

“இப்ப போ” என்றார். “உன் லீவு இப்பத்தான் ஆரம்பிக்குது.”

அத்தான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்ததும், வீட்டில் போய் உட்கார வேண்டாம், அக்காவைக் கூட்டிக்கொண்டு நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். லீவு அதற்குத்தானே வாங்கியது.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று நானும் இருந்தேன். அக்காவுக்குத் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அத்தான் மடங்காத காலைக் கட்டிலுக்கு அடியில் நீட்டி மறைத்துக்கொண்டு, கோலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அக்கா முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து காலையும் பார்த்தாள். அவருக்கு முகம் வாடிவிட்டது.

“இவ்வளவு நரைச்சுப் போயிருக்கீங்களே” என்றாள். “யாருமே என்கிட்ட சொல்லலையே.”

“லீவுல இருக்கேன்ல, அப்படித்தான் இருப்பேன்” என்றார் அத்தான். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் கை மார்புக்குப் போய் வெறும் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும், இன்றைக்குப் போதும் என்றாள் நர்ஸ். அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்து, தட்டுத்தடவி அந்த விசில் பையில் செருகினாள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது கொடுங்கள் என்றாள். கண்ணாடி பாதிதான் உள்ளே போனது. அத்தான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார், அந்தக் கை அதன்பின் அசையவே இல்லை.

ஊருக்கு வந்ததும் அவருடைய எல்லாச் சட்டையிலும் அந்தப் பையைப் பிரித்து, கொஞ்சம் அகலமாகத் தைத்துக் கொடுத்தேன்.