டொலார்டில் வாங்கிய குளிசை

2006இல், பிரெஞ்சு பேசும் நகரொன்றின் புறப்பகுதியான பியர்பொன்ட்ஸ் மருந்துக்கடை ஒன்றில் உதவியாளராக நிரஞ்சனிக்கு ஆறாவது வருடம். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த இரண்டு மருந்துகள் ஒத்துப்போகாவிட்டால் கடைக் கணினி சிவப்புப் பெட்டி காட்டிக் கீச்சிடும். பழச்சாற்றுக்கும் கீச்சிடும், தூக்கம் வருமென்றாலும் கீச்சிடும். நிரஞ்சனி அதற்கு 'மாமி' என்று பெயர் வைத்திருந்தாள். மருந்தாளர் கத்தரினுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல்லும் அதுதான்.

யந்திரங்களை நான் சுலபத்தில் புகழ்வதில்லை. அந்தக் கடையில் வாங்கிய மருந்துகள் மட்டுமே மாமிக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அருமைராசா வந்தார். அறுபத்திரண்டு வயது. நிரஞ்சனி பாடும் அதே மாதா கோயில் பாடகர் குழாமில் கனத்த குரல் அவருடையது. நெஞ்சுவலிக்குத் தோலில் ஒட்டும் மருந்து எடுப்பவர். அன்று தலைக்குப் புதுச் சாயம், சட்டையில் வாசம். மாமி மௌனமாக இருந்தாள்.

"பிள்ளை, மற்றக் கடையில வாங்கிறதையும் இது காட்டுமோ?"

"காட்டாது அண்ணை."

"நல்ல மிசின்!" என்று மேசையில் தாளம் போட்டார்.

அந்தத் தாளம்தான் நிரஞ்சனியைக் கலக்கியது. எங்கள் சனம் கணினிக்கு ஒளிப்பதில்லை. அதன் முன்னால் நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்குத்தான் ஒளிக்கும். மூலவியாதி மருந்துக்கு தூரத்து லவால் வரை போனவர்களை அவள் அறிவாள். ஒட்டும் மருந்தோடு எந்தக் குளிசை சேர்ந்தால் ஆளைக் கொல்லும் என்பதையும் அறிவாள்.

"அண்ணை, எனக்குச் சொல்லாதேங்கோ. கத்தரினுக்குப் பிரெஞ்சில சொல்லுங்கோ. அவவுக்கு எங்கட கோயிலைத் தெரியாது. நான் காதைப் பொத்திறன்."

"மனிசி திரேசம்மா காருக்குள்ள பாத்துக்கொண்டிருக்கிறா, பிள்ளை..."

"அப்ப கெதியாச் சொல்லுங்கோ."

காதைப் பொத்தி, ஷாம்பு அடுக்கின் பக்கம் திரும்பி, போதாதென்று ஞாயிற்றுப் பாட்டையும் உரக்கப் பாடினாள். வரிசையில் நின்றவர்கள் வாய்பிளந்தார்கள். அதைப் புத்தி என்று சொல்வேன். அந்தச் சொல்லை நான் அடிக்கடி செலவழிப்பதில்லை.

அருமைராசா கிசுகிசுத்ததைக் கத்தரின் கணினியில் தட்டினாள். பாட்டையும் மீறி அது அலறியது.

"மாமி! மாமி!" என்று கத்தரினும் அலறினாள்.

இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் விழுந்து இதயம் நின்றுவிடலாம்.

"குளிசையைக் குடிச்சிட்டியளோ?" நிரஞ்சனி பாட்டை விட்டு ஓடிவந்தாள்.

"இல்லை. இண்டைக்கு இரவுக்கு... முப்பத்தைஞ்சாவது கலியாண நாள்." நீலக் குளிசைப் பையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். கத்தரின் அதைப் பறித்து மேசை லாச்சியில் பூட்டினாள்.

மனைவி திரேசம்மா உள்ளே வந்தார். "ஆர் பாடினது? என்ன சத்தம்?"

"இருமல் மருந்து, அக்கா. ஒத்துவராதாம்," என்றாள் நிரஞ்சனி.

"இருமலோ? குளிசை வாங்க இவரை டொலார்டுக் கடைக்கு ஏத்திக்கொண்டு போனதே நான்தான். இவருக்குக் கார் ஓடத் தெரியுமோ?"

நிரஞ்சனி சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் குந்திவிட்டாள். விளங்காத கத்தரினும் சேர்ந்து சிரித்தாள்.

"அப்ப இண்டைக்கு இரவு?" என்றார் அருமைராசா.

"உயிரோட இருந்து கேக் வெட்டுங்கோ. வாங்கோ," என்றார் திரேசம்மா.