போட்டோவுக்கு மட்டும் போட்ட கையுறை

இன்று காலை கல்லடியில் பெட்ரோல் அடிக்க நின்றபோது ஸ்கூட்டியில் வந்த ஒரு டீச்சர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

“தம்பி, பைக் சாமான் பற்றி எழுதுற ஆள்தானே நீங்க? உங்கட தள்ளுபடிக் கோட் நம்பர் போட்டுத்தான் கையுறை எடுத்தன். போன கிழமை மணல்ல சறுக்கி விழுந்திட்டன்.”

“கையுறை போட்டிருந்தீங்களா?”

“ஓம். தையல் பிரிஞ்சு கை உரசிட்டு. என்ர பிழைதான், சைஸ் சரியில்லாம எடுத்திட்டன் போல. மகளுக்கும் ஒரு சோடி எடுக்கணும். அந்தத் தள்ளுபடி இன்னும் இருக்கா?”

இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்தக் கட்டைப் பார்த்ததும் முடியவில்லை.

“வேணாம் டீச்சர். நான் அதைப் போட்டு பைக் ஓடிப் பார்த்ததே இல்ல.”

“படத்துல போட்டிருந்தீங்களே.”

“படத்துக்கு மட்டும்தான். கம்பனி சும்மா தந்தது.”

அவர் என் கைகளைப் பார்த்தார். நான் வேறு கையுறை அணிந்திருந்தேன்.

“சரி தம்பி, வாறன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கையுறை பற்றி எழுதிய பதிவை நீக்கிவிட்டேன். என்னை நம்பி அதை வாங்கியவர்கள் தயவுசெய்து அணியாதீர்கள், கீழே எனக்கு எழுதுங்கள். ஏச விரும்புகிறவர்களும் எழுதலாம். டீச்சர் ஏசாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.