நோன்யா வீட்டுத் தட்டு

நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு நிறைய மஞ்சள் சோறு, மேலே கோழிக்கறி, ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள். அடுத்த வீட்டுச் சீனப் பெண்மணி, நாங்கள் நோன்யா என்று அழைத்தவர், தன் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்த அன்று அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பினாங்கில் பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில் நாங்கள் குடியிருந்த காலம். நான் சின்னப் பெண். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதனால் வந்த வினையும் மறக்கவில்லை.

என் அம்மாவுக்கு எச்சில் என்றால் ஆகவே ஆகாது. அப்பா குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் புழங்கமாட்டாள். வந்த தட்டை வெறுமனே அனுப்பும் வழக்கமும் அவளிடம் இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் துடைத்து, சர்க்கரை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நோன்யா தட்டைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார், கதவைச் சாத்தினார். அன்றோடு பேச்சு நின்றது.

"நீ தேய்ச்ச தேய்ப்புல பூவெல்லாம் போயிருக்கும்லா, அதான் கோவம்" என்று அப்பா கேலி செய்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அப்பா விடிந்தால் துறைமுகத்துக்குப் போய்விடுவார். அந்தச் சந்தில் வேறு தமிழ்ப் பெண்கள் இல்லை. வலி வந்தால் கூப்பிட இருந்த ஒரே ஆள் நோன்யாதான்.

நோன்யாவின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது என்று கேள்விப்பட்டதும் அம்மா பொறுக்கமாட்டாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தெரிந்த மலாய், காய்கறி வாங்கும் அளவுதான். "மாரா கா?" என்றாள், கோபமா என்று. நோன்யா குழந்தையைச் சுட்டினார், தட்டைக் கழுவுவதுபோல் கையைச் சுழற்றினார், "ஹாபிஸ்" என்றார். எல்லாம் போயிற்று. அந்தத் தட்டைக் கழுவித் திருப்பினால் பிள்ளையின் அதிர்ஷ்டமும் கழுவிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை என்று அம்மாவுக்கு மெல்லப் புரிந்தது.

புரிந்ததோடு அவள் திரும்பிவிடவில்லை. தன் பக்கத்தையும் சொல்லியாக வேண்டுமே. எச்சிலுக்கு மலாயில் என்ன சொல்வது? மேசையில் இருந்த கோப்பையை உதட்டில் வைத்துக் குடித்தாள், நோன்யாவிடம் நீட்டினாள், உடனே பின்னுக்கு இழுத்து, "மாலு" என்று தலையைக் குனிந்தாள். வெட்கம். நோன்யா கோப்பையை வாங்கி, தானும் அதேபோல் குடித்து, நீட்டி, இழுத்து, சரிதானா என்பதுபோல் பார்த்தார். சரிதான் என்றாள் அம்மா. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தம்பி பிறந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நோன்யா. மாதம் நிறைந்ததும் அம்மா பித்தளைத் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் அனுப்பினாள். மறுநாள் நோன்யா தூக்கைக் கழுவாமலே கொண்டுவந்தார். அம்மாவின் முகம் கொஞ்சம் மாறியது. நோன்யா நேரே எங்கள் கிணற்றடிக்குப் போய், சாரோங்கை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, தானே தேய்க்க ஆரம்பித்தார். பாத்திரமும் சுத்தமாயிற்று, தம்பியின் அதிர்ஷ்டமும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்தவரைப் பாத்திரம் தேய்க்க விடுவதா என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் தடுக்காமல் வாளியை எடுத்து வந்து தண்ணீர் ஊற்றினாள்.

இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியில் பலகாரம் அட்டைப் பெட்டியில் வருகிறது. திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அந்தச் சந்தில் இருந்தவரை, நோன்யா வீட்டுத் தட்டை அம்மா ஒட்டிய பருக்கையோடு எடுத்துப்போய் அவர் வீட்டில் உட்கார்ந்துதான் கழுவினாள். எச்சில் தட்டோடு அவள் படியேறியது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான்.